ஆட்டம் யாருடையது? – அத்தியாயம் 9: மூன்று கதவுகள்

சென்ற வாரம்: வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் தன் மந்திரவாதியின் பலத்தை நிறுவனம் வெட்டிவிட்டதற்காக 2010இல் அழுதுகொண்டே தூங்கினான் கனடாவில் வளர்ந்த சிறுவன் விட்டாலிக் புடெரின். 2015 ஜூலையில் அவனும் கூட்டாளிகளும் ஈத்தீரியத்தை, பல கணினிகளில் பரவிக் கிடக்கும் பிளாக்செயின் கணக்கேட்டை, உலகுக்குத் திறந்தார்கள். 2017 டிசம்பரில் கிரிப்டோகிட்டீஸ் என்ற ஆட்டத்தின் மெய்நிகர்ப் பூனைக்குட்டிகளை வாங்கி விற்கும் கூட்டத்தால் அந்த வலையே திணறியது. அந்த நெரிசலுக்கு வழி தேடி ஜயந்தி கனானி, சந்தீப் நைல்வால், அனுராக் அர்ஜுன் மூவரும் மும்பையில் தொடங்கிய மேட்டிக், பிறகு பாலிகன் என்று பெயர் மாறியது. ஆட்டக்காய் இனி ஆடுகிறவனுக்கே சொந்தம் என்று உலகம் கொண்டாடத் தொடங்கியது. அப்போதுதான் வந்தது 2021 அக்டோபர்.

* * *

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்களுக்குப் பாலாறு தெரியும். காவிரியில் வந்து விழும் சிற்றாறு. வீரப்பன் காலத்து நாளிதழ்களில் அடிக்கடி அடிபட்ட பெயர். ஆற்றைக் கடந்தால் கர்நாடகம். 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை அக்கரை மைசூரு மாவட்டத்தைச் சேர்ந்தது. எல்லையில் சோதனைச் சாவடி உண்டு. வண்டியில் என்ன இருக்கிறது, எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள்.

2021 அக்டோபர் 5 அன்று, எந்தச் சாவடியிலும் பிடிக்க முடியாத ஒரு சரக்கின் மீது கர்நாடகச் சட்டம் பாய்ந்தது. கர்நாடகக் காவல் திருத்தச் சட்டம் அன்றுமுதல் நடைமுறைக்கு வந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு, அது திறமையால் வெல்லும் ஆட்டமாகவே இருந்தாலும், குற்றம். சட்டம் எழுதியவர்கள் ரூபாயோடு நிற்கவில்லை. பணம் கொடுத்துப் பெற்ற டோக்கன், மெய்நிகர் நாணயம் எல்லாவற்றையும் விளக்கத்துக்குள் இழுத்துப் போட்டார்கள். குதிரைப் பந்தயத்துக்கு விலக்கு! மைசூரின் பந்தயத் திடலில் குதிரை மேல் பணம் கட்டலாம்; கைப்பேசியில் கட்டினால் குற்றம். சில நாள்களில், இத்தகைய ஆட்டம் நடத்திய ட்ரீம்11 நிறுவனம் கர்நாடகத்தில் கடையை மூடியது.

இக்கரையில் நிலைமை நேர்மாறு. தமிழ்நாடு கொண்டுவந்திருந்த அதேபோன்ற தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 3 அன்றே ரத்து செய்துவிட்டது. ஆக, அந்த அக்டோபரில் ஒரே கைப்பேசி, ஒரே ஆட்டம், ஒரே ஆள். கொளத்தூர்ப் பக்கம் நின்றால் பொழுதுபோக்கு. பாலத்தைத் தாண்டி, காட்டுக்குள் சிக்னல் கிடைத்து, ஆட்டத்தைத் தொடர்ந்தால் குற்றம்.

2022 பிப்ரவரி 14 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாதென்றது. இரு கரையும் ஒன்றானது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டின் புதிய சட்டம் வந்தபோது மறுபடி கட்சி மாறிற்று: இப்போது இக்கரையில் தடை, அக்கரையில் அனுமதி. அதே ஆண்டு நவம்பரில் ரம்மி, போக்கர் இரண்டையும் அந்தத் தடையிலிருந்து விடுவித்தது சென்னை உயர் நீதிமன்றம்.

இரண்டு ஆண்டுகளில் இத்தனை குட்டிக்கரணம். நீதிபதிகள் திறமையா அதிர்ஷ்டமா என்று அலசினார்கள். பாலாற்றங்கரையில் நின்று பார்த்தால் அதற்கும் முந்தைய ஒரு கேள்வி கண்ணில் படுகிறது. ஓர் ஆட்டம் நடக்கும் இடம் எது? ஆடுகிறவன் உட்கார்ந்திருக்கும் திண்ணையா, ஆட்டத்தை ஓட்டும் கணினி இருக்கும் ஊரா? அல்லது எந்த ஊரிலும் இல்லாமல் ஆயிரம் கணினிகளில் பரவிக் கிடக்கும் கணக்கேடா?

பாலாற்றைத் தாண்டிப் போகும் சாலை கடைசியில் மைசூரு போய்ச் சேரும். இந்தக் கேள்வியை வேறொரு விதமாகச் சந்தித்த அரசர் ஒருவர் அங்கே இருந்தார்.

* * *

மும்மடி கிருஷ்ணராஜ உடையார். 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஆங்கிலேயர் அரியணையில் ஏற்றிய குழந்தை. 1831இல், நிர்வாகம் சரியில்லை என்ற காரணம் காட்டி, அதே ஆங்கிலேயர் ஆட்சியைப் பிடுங்கிக்கொண்டார்கள். பட்டம் மிஞ்சியது, அதிகாரம் போனது. 1868இல் இறக்கும்வரை அவருக்கு நாடு திரும்பக் கிடைக்கவில்லை.

அந்த முப்பத்தேழு ஆண்டுகளில் அவர் ஆட்டங்களை ஆண்டார். சதுரங்கக் குதிரை ஒரு கட்டத்தையும் விடாமல், எதிலும் இருமுறை கால் வைக்காமல், பலகை முழுவதும் சுற்றிவரும் வழிகளைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தார். 18 வகைகள் வரை கொண்ட கஞ்சிபா சீட்டாட்டங்களை வகுத்தார். அவர் பெயரில் உருவான ஸ்ரீதத்துவநிதி என்ற பெருநூலின் ஒன்பதாம் பகுதியான கௌதுகநிதி முழுக்க விளையாட்டுகளுக்கே. ஜகன்மோகன் அரண்மனைச் சுவர்களில் ஆட்டக் கட்டங்களை ஓவியமாகத் தீட்டவைத்தார்.

சுவரில் எழுதிய கட்டத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் சுவர் அரசருடையது. உள்ளே வர அனுமதித்தால்தான் ஆட்டம். காய் உன் கையில் இருந்தாலும் கட்டம் என் வீட்டில் என்பதுதான் அந்த ஏற்பாடு. வீடியோ கேம் நிறுவனங்களும் இன்றுவரை இப்படித்தான் நடத்துகின்றன. விட்டாலிக்கை அழவைத்ததும் இதுதான்.

பிளாக்செயின் ஆட்டக்காரர்களின் வாக்குறுதி நேரெதிரானது: காய் உனக்கு, அதை யாரும் பிடுங்க முடியாது. தலையில் மாட்டும் வி.ஆர். ஹெட்செட் செய்கிறவர்களின் வாக்குறுதி இன்னும் ஒரு படி மேலே: கட்டமும் உனக்கு. உன் வீட்டுத் தரையிலேயே விரித்துத் தருகிறோம்.

இரண்டும் சேர்ந்தால் அரசனுக்கு வேலையே இருக்காது என்றுதான் நினைப்போம். கர்நாடகம் அடைத்தது ஒரு கதவு. 2021 அக்டோபரின் மற்ற இரண்டு கதவுகள் அதற்குப் பதில் சொல்லும்.

* * *

கர்நாடகச் சட்டம் வந்த பத்து நாள்களுக்குள், கணினி விளையாட்டுகளின் மிகப் பெரிய கடையான ஸ்டீம், விதிப் பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்தது. கிரிப்டோ நாணயமோ, உரிமைப் பத்திரம்போன்ற டோக்கனான என்.எஃப்.டி.யோ வெளியிடும், அல்லது கைமாற்ற விடும் பிளாக்செயின் விளையாட்டுகளுக்கு இனி இங்கே இடமில்லை. கணினியோடு இணைத்து ஆடும் வி.ஆர். ஹெட்செட் காரர்கள் பெரும்பாலும் ஆட்டம் வாங்குவதும் அந்தக் கடையில்தான். இரண்டாவது கதவு அடைபட்டது.

அக்டோபர் 28. மூன்றாவது கதவு பெரிய ஓசையோடு திறந்தது. ஃபேஸ்புக் நிறுவனம் தன் பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்டது. இனி இணையத்துக்குள் நுழைவோம், ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஒரே அறையில் இருப்பதுபோல் கூடுவோம், அங்கே வாங்கும் பொருள் நம்முடன் வரும் என்று மார்க் ஸக்கர்பெர்க் விவரித்தார். கிரிப்டோவும் என்.எஃப்.டி.யும் அந்தப் பேச்சில் இடம்பெற்றன.

ஆறே மாதம். 2022 ஏப்ரலில் மெட்டா தன் ஹொரைஸன் வேர்ல்ட்ஸ் என்ற மெய்நிகர் உலகில் பொருள் விற்பவர்களுக்குக் கட்டணம் அறிவித்தது. ஹெட்செட் கடைக்கு 30 சதவீதம், ஹொரைஸனுக்கு மேலும் 17.5. நூறு ரூபாய்க்கு விற்றால் விற்றவர் கைக்கு வருவது ஐம்பத்திரண்டரை. அதே ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் இன்னொரு முடிச்சுப் போட்டது: ஐபோன் செயலிகளில் என்.எஃப்.டி. விற்கலாம், ஆனால் கடை வழியாக விற்று, பங்கு கொடுக்க வேண்டும், கையில் என்.எஃப்.டி. இருக்கிறது என்பதற்காக ஆட்டத்தில் கூடுதல் வசதி எதையும் திறந்துவிடக் கூடாது. காயை வைத்துக்கொள், அதனால் ஒரு கட்டம்கூட நகர முடியாது என்பதைக் கடைக்காரன் மொழியில் இப்படிச் சொன்னார்கள். 2023 மார்ச்சில் இன்ஸ்டாகிராமின் என்.எஃப்.டி. சோதனையையும் மெட்டா கைவிட்டது.

கணக்கேடு யாருக்கும் சொந்தமில்லாமல் இருக்கலாம். அதைப் பார்க்க மாட்டிக்கொள்ளும் கண்ணாடி ஒருவனுக்குச் சொந்தம். பாலாற்றுச் சாவடி இப்போது மூக்கின்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

இதே காலத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய இன்னொரு தமிழ்நாட்டு மாவட்டத்தில், இந்தப் பெரிய நிறுவனங்கள் யாரையும் கேட்காமல் ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்தது.

* * *

2022 பிப்ரவரி 6. கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரம். கொரோனாக் கட்டுப்பாடுகளால் ஊரைக் கூட்ட முடியவில்லை. தாலி கட்டியது ஊரில். வரவேற்பு நடந்தது பாலிகன் பிளாக்செயின் மேல் எழுப்பிய டார்டிவெர்ஸ் என்ற மெய்நிகர் உலகில், ஹாரி பாட்டர் படிக்கும் மந்திரப் பள்ளிபோல் அமைத்த மண்டபத்தில். காலமாகிவிட்ட மணமகளின் தந்தை உருவம் பெற்று வந்து ஆசீர்வதித்தார். உலகெங்கும் செய்தியானது அந்த வரவேற்பு.

வந்த விருந்தினர்கள் பெரும்பாலும் கைப்பேசி வழியாகவும் கணினி வழியாகவும் நுழைந்தார்கள். ஹெட்செட் தேவைப்படவில்லை. அந்தக் கல்யாணம் அதனால்தான் சாத்தியமானது. இருக்கும் கருவியில், உலாவி வழியாக, இடையில் ஒரு கடைக்காரன் கை நீட்டாமல் உறவினர்கள் கூடினார்கள்.

அவர்கள் எல்லோரும் ஹெட்செட் மாட்டியிருந்தால்?

கதை கொஞ்சம் பின்னால் போய்விட்டு முன்னால் ஓடட்டும். 1968இல் ஐவன் சதர்லண்ட் செய்த முதல் தலைக்கருவி கூரையிலிருந்து தொங்கியது, அவ்வளவு கனம். 1994இல் பால் மில்கிராம், ஃபுமியோ கிஷினோ இருவரும் நிஜ உலகுக்கும் மெய்நிகர் உலகுக்கும் இடைப்பட்ட வெளிக்கு மிக்ஸ்டு ரியாலிட்டி என்று பெயர் சூட்டி வரையறுத்தார்கள். 2023 அக்டோபரில் 499 டாலர் விலையில் மெட்டா குவெஸ்ட் 3. 2024 பிப்ரவரி 2 அன்று 3,499 டாலரில் ஆப்பிள் விஷன் புரோ. சாதாரண வி.ஆர். கருவியை மாட்டினால் வீடு மறைந்துவிடும். இவற்றில் வீடு அப்படியே தெரியும். கருவியின் கேமராக்கள் தரை, சுவர், மேசை எல்லாவற்றையும் அளந்து ஒரு வரைபடம் போட்டுக்கொள்கின்றன. அந்த வரைபடத்தில் குறித்த இடத்தில் பொருளை வைத்தால், நாம் எழுந்து நடந்தாலும் அது அங்கேயே இருக்கும்.

கொளத்தூரில் ஓர் அத்தை, மைசூரில் வேலை பார்க்கும் மருமகன் என்று வைத்துக்கொள்வோம். இருவர் வீட்டுத் தரையிலும் ஒரே தாயக்கட்டம். அத்தை நகர்த்தும் காய் அங்கேயும் நகரும்.

“அத்தை, தாயம் விழுந்தாச்சு. காயை இறக்கறேன்.”

“டேய், நீ உருட்டினதை யார் பார்த்தா? மறுபடி உருட்டு.”

பிளாக்செயினுக்கு உண்மையான வேலை இந்த இடத்தில் இருக்கிறது. கணினிப் பகடையை உருட்டுவது ஆட்ட நிறுவனம். அது யாருக்குச் சாதகமாக உருட்டுகிறதென்று ஆடுகிறவருக்குத் தெரியாது. உருட்டுவதற்கு முன்பே இரு தரப்பும் ஒரு ரகசிய எண்ணைப் பூட்டி கணக்கேட்டில் வைத்து, பிறகு இரண்டையும் திறந்து கலந்து விடை கண்டால், யாரும் ஏமாற்றவில்லை என்பதை எவரும் சரிபார்க்கலாம். அத்தைக்கு மருமகனையும் நம்ப வேண்டாம், நிறுவனத்தையும் நம்ப வேண்டாம்.

காய் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. கணக்கேட்டில் இருப்பது இன்ன எண்ணுள்ள டோக்கன் இன்ன முகவரிக்குச் சொந்தம் என்ற ஒரு வரி மட்டும். காயின் முப்பரிமாண உருவம் வேறெங்கோ இருக்கிறது. தரையில் அது எங்கே நிற்கிறது என்ற வரைபடம் ஹெட்செட்டுக்குள், அதைச் செய்த நிறுவனத்தின் விதிகளுக்குள் இருக்கிறது. காயை எப்படி வெட்டலாம், எப்போது பழமாகும் என்ற சட்டதிட்டம் ஆட்டத்தைச் செய்தவர் கையில். இந்த மூன்றில் ஒன்று போனாலும் டோக்கன் பத்திரமாக இருக்கும், ஆட்டம் இருக்காது.

இது நடந்த கதை. ஹாங்காங்கின் அனிமோகா பிராண்ட்ஸ் நடத்திய எஃப்1 டெல்டா டைம் என்ற பிளாக்செயின் கார்ப் பந்தயத்தில் 1-1-1 என்ற கார் 2019இல் ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. ஃபார்முலா 1 உரிமத்தைப் புதுப்பிக்க முடியாமல் 2022 மார்ச் 16 அன்று பந்தயம் மூடப்பட்டது. நிறுவனம் மாற்றாக வேறு டோக்கன்கள் தந்தது. அந்தக் கார் இன்றும் கணக்கேட்டில் ஒருவர் பெயரில் இருக்கிறது. ஓட்டத்தான் சாலை இல்லை.

ஹெட்செட் இந்த இழப்பைப் பெரிதாக்கும். திரையில் ஒரு கார் காணாமல் போவது வேறு. தினமும் கூடத்து மூலையில் பார்த்துப் பழகிய ஒன்று, ஒரு மென்பொருள் மாற்றத்துக்குப் பிறகு இல்லாமல் போவது வேறு. சென்னை ஐ.ஐ.டி.யின் எக்ஸ்.டி.ஐ.சி. மையத்தில் பேராசிரியர் மணிவண்ணன் குழு செய்துவரும் தொடுவுணர்வு ஆய்வுகள் நாளை சந்தைக்கு வந்தால், அந்தக் காயின் கனம்கூட விரலுக்குப் பழகியிருக்கும்.

பொதுத் தரங்கள் ஒரு வழி. 2018 ஜனவரியில் முன்மொழியப்பட்ட ஈ.ஆர்.சி-721 விதி, எந்த ஆட்டமும் எந்தக் காயின் உரிமையையும் படிக்க வகை செய்தது. 2019இல் வந்த ஓப்பன்எக்ஸ்ஆர், ஓர் ஆட்டத்தைப் பல நிறுவனங்களின் ஹெட்செட்டில் ஓடவைத்தது; ஆப்பிள் அதில் சேரவில்லை. ஆனால் 2024இல் விஷன் புரோவின் உலாவியில் வெப்எக்ஸ்ஆரை ஆப்பிளே திறந்துவிட்டது. கடைக்குள் நுழையாமல் ஒரு முகவரியைத் தட்டி ஆட்டத்துக்குள் போகலாம். சிவலிங்கபுரத்து விருந்தினர்கள் போன அதே வழி.

அத்தையும் மருமகனும் அப்படியே நுழைந்துவிட்டார்கள் என்று கொள்வோம். காய்க்குப் பத்து ரூபாய் பந்தயம் என்றால்?

* * *

பாலாற்றின் இரு கரைக்கும் சேர்த்து டெல்லி பதில் சொன்னது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை செய்கிறது. திறமை, அதிர்ஷ்டம் என்ற பழைய வழக்கு அதற்குப் பொருட்டில்லை. பணத்துக்கு ஈடான, அல்லது பணமாக மாற்றக்கூடிய டோக்கன், நாணயம், பொருள், நிஜமோ மெய்நிகரோ, எல்லாம் பந்தயப் பொருளே. நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை.

இரண்டே மாதத்தில், அக்டோபரில், வஸீர்எக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையில் நடந்த களவில் முடங்கிய நாணயங்கள் பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் சட்டத்தின் கண்ணில் சொத்துதான் என்று தீர்ப்பளித்தார். 2022 ஏப்ரல் முதல் இத்தகைய மெய்நிகர்ச் சொத்தை விற்றுவரும் லாபத்துக்கு 30 சதவீத வரியும் இருக்கிறது.

மூன்றையும் ஒரே காயின்மேல் வைத்துப் பாருங்கள். அது உன் சொத்து. விற்றால் வரி. பந்தயத்தில் வைக்க ஆட்டம் நடத்தினால் சிறை. ஆடிச் சம்பாதிக்கலாம் என்ற முழக்கத்தோடு எழுந்த பிளாக்செயின் விளையாட்டுக்கு இந்தியாவில் இனி மிச்சமிருப்பது, சம்பாத்தியம் இல்லாத உரிமை: யாரும் அழிக்க முடியாத காய், யாரும் ஏமாற்ற முடியாத பகடை. ஹெட்செட்டுக்கு ஏற்ற ஆட்டமும் அதுதான் என்பேன். அத்தைக்கு வேண்டியது பத்து ரூபாய் இல்லை, மருமகன் எதிரில் உட்கார்வது.

ஆனால் 2021இன் உலகம் இந்த முடிவுக்கு வந்திருக்கவில்லை. சம்பாத்தியம்தான் அப்போது ஆட்டமாக இருந்தது.

* * *

கர்நாடகம் தடை போட்டு, ஸ்டீம் கதவை அடைத்து, மெட்டா பெயர் மாற்றிக்கொண்டிருந்த அதே வாரங்களில், பிலிப்பைன்ஸில் வேலையிழந்தவர்கள் ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற ஆட்டத்தில் குட்டிப் பிராணிகளை மோதவிட்டு அரிசி வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தைச் செய்தது வியட்நாமின் ஸ்கை மேவிஸ். ஈத்தீரியத்தின் நெரிசலைத் தவிர்க்க ரோனின் என்ற தனிச் சங்கிலி போட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் பணம் கடக்க ஒரு பாலம். பாலத்துக்குக் காவல் ஒன்பது சாவிகள். ஐந்து சேர்ந்தால் கஜானா திறக்கும். நான்கு ஸ்கை மேவிஸ் கையில் இருந்தன.

2021 நவம்பரில் கூட்டம் தாங்கவில்லை. சமாளிக்க, ஐந்தாவது சாவியின் கையெழுத்தையும் போட்டுக்கொள்ள ஸ்கை மேவிஸுக்கு அனுமதி கிடைத்தது. டிசம்பரில் அந்த ஏற்பாடு முடிந்தது. கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்க மட்டும் யாருக்கும் நினைவில்லை.

2022 மார்ச் 23 அன்று பாலம் இருமுறை திறந்து மூடியது. ஒரு மணியும் அடிக்கவில்லை. ஆறு நாள் எல்லோரும் வழக்கம்போல் ஆடினார்கள், சம்பாதித்தார்கள். மார்ச் 29 அன்று பயனர் ஒருவர் 5,000 ஈத்தரை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. ஏதோ கோளாறு என்று பொறியாளர்கள் கஜானாவை எட்டிப் பார்த்தார்கள்.

1,73,600 ஈத்தரும், மேலே இரண்டரைக் கோடி டாலர் மதிப்புள்ள நாணயமும் அங்கே இல்லை. எடுத்துக்கொண்டு போனவர் போட்ட ஐந்து கையெழுத்தும் அச்சு அசலாகச் சரியாக இருந்தன.

யார் அவர்? ஸ்கை மேவிஸின் மூத்த பொறியாளர் ஒருவருக்கு, மிகத் தாராளமான சம்பளத்தோடு வந்த ஒரு வேலைவாய்ப்புக் கடிதத்துக்குள் என்ன இருந்தது?

(அடுத்த வாரம்: ஐந்தாவது சாவி)